ட்ரூரோவில் வந்தது யார்?

(டர்பனில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் கல்லூரி நூலகர் ஒருவர் பேசியது)

பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

எங்கள் குடும்பம் ஒப்பந்தக் கூலிகளை இங்கே முதன்முதலாகக் கொண்டுவந்த ட்ரூரோ கப்பலில் வந்தது என்று வீட்டில் சொல்லக் கேட்டவர்கள் கை தூக்குங்கள். பாருங்கள், எத்தனை கைகள்! 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து இங்கே வந்து சேர்ந்த அந்தக் கப்பலில் இருந்தவர்கள் 342 பேர். 1911 வரை டர்பன் இருக்கும் இந்த நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களோ ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அப்படியானால் நம்மில் பெரும்பாலோரின் முன்னோர் வேறு கப்பலில்தான் வந்திருக்க வேண்டும்.

இதே கதையோடு முதலாண்டு மாணவி ஒருத்தி என் மேசைக்கு வந்தாள். கட்டுரைக்கு ஆதாரம் வேண்டும். பூட்டன் பெயர் முனுசாமி. கம்ப்யூட்டரில் இருக்கும் கப்பல் பட்டியலில் ஒரே ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, "இல்லை ஆன்ட்டி" என்றாள்.

கப்பல் பட்டியலை எழுதிய குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். மூன்சாமி, மூனுசாமி, முனிசாமி என்று ஒரே பெயர் பல கோலத்தில் கிடக்கும். அதனால் பெயரின் முதல் சில எழுத்தோடு நிறுத்தி நட்சத்திரக் குறி (*) போடச் சொன்னேன்; அதற்குப் பிறகு எந்த எழுத்து வந்தாலும் கம்ப்யூட்டர் எடுத்துக் கொடுக்கும். இன்னொரு எழுத்துக்கூட்டலை 'OR', அதாவது 'அல்லது', போட்டுச் சேர்க்கச் சொன்னேன். இப்போது முனுசாமிகள் வரிசையாக வந்தார்கள்! அப்புறம்தான் உண்மையான வேலை. தகப்பன் பெயர், வயது, ஊர், ஜில்லா என்று ஒவ்வொன்றாகப் பொருத்திக் கழித்தோம். மிஞ்சியவருடைய எண்ணைப் பிடித்துக்கொண்டு மற்றக் காகிதங்களுக்குப் போனோம். ஒவ்வொரு கூலிக்கும் ஓர் எண் கொடுத்திருந்தார்கள். பெயர் மாறினாலும் எண் மாறாது.

அவர் வந்தது ட்ரூரோவில் இல்லை, பல வருஷம் கழித்து. பாட்டி மனம் நோகுமே என்று அவள் தயங்கினாள். பாட்டி சொன்னதையும் எழுது, பட்டியல் சொல்வதையும் எழுது, எது எதற்குச் சான்று என்று பிரித்துக் காட்டு என்றேன். குடும்பம் தன்னை எப்படி நினைவு வைத்திருக்கிறது என்பதற்குப் பாட்டியை விட நல்ல சான்று கிடையாது.

தகவலைத் தேடி எடைபோடும் திறன் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். முதல் வாரத்தில் ஒரு மணி நேரம் நூலகத்தைச் சுற்றிக் காட்டினால் இது வராது. அமெரிக்கக் கல்லூரி நூலகர் சங்கம் 2000-இல் இதற்குத் தர அளவுகள் வகுத்தது. பிறகு அவற்றை விட்டு, ஆறு கருத்துகள் கொண்ட சட்டகத்துக்கு மாறியது. தேடல் என்பது போகப் போகத் திசை மாறும் வேலை என்பது அதில் ஒன்று. அந்த மாணவியின் பிற்பகல் முழுக்க அதுதான் நடந்தது.

இன்று இது இன்னும் அவசரம். உலகில் இல்லவே இல்லாத கட்டுரைக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் ஆசிரியர், ஆண்டு, பக்கம் எல்லாம் போட்டுக் கொடுத்துவிடுகின்றன. ஆகவே விரிவுரையாளர்களே, ஒப்படைப்பைத் தீர்மானிக்கும் நாளிலேயே நூலகரைக் கூப்பிடுங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் நம் மக்களின் வரலாற்றுக் காகிதங்கள் இருக்கின்றன. வீட்டுப் பெட்டியில் பழைய கல்யாணச் சான்றோ பாஸ் என்ற அனுமதிச் சீட்டோ இருந்தால் எறியாதீர்கள். அதில் ஓர் எண் இருக்கலாம். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து தேடுவோம்.