உத்திரமேரூர்ச் சுவரும் மேல்நிலை வகுப்பு மாணவரும்

அவைத் தலைவர் அவர்களுக்கும், மேல்நிலைப் பள்ளிகளிலிருந்து வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

கல்விச் சுற்றுலா, கலைப்பிரிவுப் பாடங்கள், மாணவர் ஒவ்வொருவருக்குமான தனிக்கவனம் ஆகிய மூன்றையும் நம் பள்ளிகளில் வெவ்வேறு ஆசிரியர்கள் வெவ்வேறு வேளைகளில் பார்த்துக்கொள்கிறார்கள். சுற்றுலாவுக்குப் பேருந்து பேசுபவர் ஒருவர். வரலாறு நடத்துபவர் இன்னொருவர். ‘மெல்லக் கற்போர்’ என்று ஒரு பட்டியல் எடுத்து மாலைச் சிறப்பு வகுப்பில் உட்கார வைப்பவர் வேறொருவர். இம்மூன்றையும் ஒரே வேலையாகச் செய்தால்தான் மூன்றுமே உருப்படும் என்பது என் எண்ணம். பொதுவாகப் பேசிக்கொண்டு போவதைவிட, காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் என்ற ஓர் ஊரை மட்டும் எடுத்துக்கொண்டு இதைச் சொல்ல விரும்புகிறேன்.

உத்திரமேரூரை அறியாத மாணவர் நம்மிடம் இல்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலை முறை பாடநூலில் இருக்கிறது, தேர்வில் வருகிறது, அக்காலத்திலேயே தமிழகத்தில் மக்களாட்சி தழைத்தது என்று மேடைதோறும் சொல்லப்படுகிறது. அவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் பொறிக்கப்பட்டுள்ள பொ.ஆ. 919, 921 ஆண்டுகளின் கல்வெட்டுகளை ஒருமுறை முழுமையாகப் படித்தால், மாணவர் மனப்பாடம் செய்த விடை அப்படியே நிற்பது கடினம். ஊர் முப்பது குடும்புகளாக, அதாவது வட்டாரப் பிரிவுகளாக, பிரிக்கப்பட்டது. தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். தேர்வான முப்பதின்மரில் பன்னிருவர் ஆட்டை வாரியம் என்ற ஆண்டுக் குழுவுக்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், அறுவர் ஏரி வாரியத்துக்கும் சென்றார்கள். இவ்வளவும் பாடத்தில் உண்டு. ஆனால் குடத்தில் பெயர் விழுவதற்கே கால் வேலி என்ற நில அளவுக்கு மேற்பட்ட, வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதப் பயிற்சியும் வேண்டும் என்று அந்தக் கல் கூறுகிறது. உத்திரமேரூர் ஒரு பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாக வழங்கப்பட்ட ஊர். அவ்வூர்ச் சபை பிராமண நிலவுடைமையாளர்களின் சபை. உழுதவர்களின் பெயரோ, நெய்தவர்களின் பெயரோ, எந்தப் பெண்ணின் பெயரோ அந்தக் குடத்தில் விழவில்லை.

இதைச் சொல்வதால் கல்வெட்டின் பெருமை குறைந்துவிடாது. கணக்குக் காட்டாத வாரியத்தாரும் அவர்களுடைய உறவினரும் மீண்டும் தேர்வாகக் கூடாது என்ற விதியைக் கல்லில் வெட்டி ஊரறிய வைத்தவர்களை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 919இல் எழுதிய விதிகளை இரண்டே ஆண்டுகளில் திருத்தி விரித்து எழுதியிருக்கிறார்களே, இடையில் என்ன கோளாறு நடந்திருக்கும் என்று ஒரு மாணவி கேட்டால், அவள் வரலாறு படிக்கத் தொடங்கிவிட்டாள் என்று பொருள். பாராட்டையும் ஐயத்தையும் ஒருசேரக் கையில் வைத்திருக்கப் பழக்குவதே கலைப்பாடங்களின் வேலை. பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்தவர்களை ஒதுக்கிவிடும் ‘தேர்டு குரூப்பாக’ அப்பாடங்களை வைத்திருப்பவர்கள் நாம்தாம். பாடங்கள் அப்படிப் பிறக்கவில்லை.

கல்வெட்டு வாசகம் அச்சில் கிடைக்கும்போது அங்கே போவானேன் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்; விதிகளைப் படிப்பதற்கு வகுப்பறையே போதும். சுவரின் எதிரே நிற்கும்போதுதான் அந்த விதிகள் எவ்வளவு நீளமானவை, எத்தனை பேர் கண்ணில் படும்படி வெட்டப்பட்டவை என்பது தெரிகிறது. கிரந்த எழுத்துக் கலந்த சோழர் காலத் தமிழில், புள்ளியில்லாத மெய்களை இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. அங்கிருந்து ஏரிக்கரைக்குப் போக வேண்டும். கல்வெட்டுகள் வைரமேகத் தடாகம் என்று குறிக்கும் அந்த ஏரியின் பரப்பைக் கண்ணால் பார்த்த பிறகு, ஏரிக்கென்று தனி வாரியம் எதற்கு என்ற கேள்விக்கு ஆசிரியர் விடை சொல்ல வேண்டியதில்லை. தூர் வாருவது, மதகைக் காப்பது, நீரைப் பங்கிடுவது என்று புவியியலும் பொருளியலும் அரசியல் அறிவியலும் அந்தக் கரையிலேயே ஒன்றுகூடிவிடும். ஒரே நாளில் ஒன்பது கோயிலும் ஒரு நீர் விளையாட்டுப் பூங்காவும் என்று அச்சடித்த பயணத் திட்டத்தில் இதற்கு இடமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தனிக்கவனம் என்பது பேருந்து புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே தொடங்க வேண்டும். ஒவ்வொரு மாணவருக்கும் அவர் மட்டுமே விடை தேட வேண்டிய ஒரு கேள்வியைக் கொடுத்துவிட வேண்டும். நீண்ட பத்தியைப் படிக்கத் திணறும் மாணவனுக்குத் தகுதியிழக்கும் உறவினர் பட்டியலை மட்டும் தந்து, அதை உறவுமுறை வரைபடமாக வரையச் சொல்லலாம். சித்தி மகன், மாமன் மகன் என்று கோடு இழுத்துக்கொண்டே போகையில், வகுப்பிலேயே அந்த விதியை நன்கறிந்தவன் அவனாகிவிடுவான். செவித்திறன் குறைந்த மாணவிக்கு மண்டபத்து எதிரொலியில் வழிகாட்டி சொல்வது ஒன்றும் பிடிபடாது. அவளுக்கான குறிப்பை முன்னதாகவே எழுதிக் கொடுக்க வேண்டும். சக்கர நாற்காலியில் வரும் மாணவருக்காக ஆசிரியர் ஒருமுறை முன்கூட்டியே போய்ப் படிகளைப் பார்த்துவர வேண்டும். தேர்வு அன்று சொல்வதை எழுதுபவரையும் கூடுதல் நேரத்தையும் தரும் நாம், கற்கும் நாட்களில் அதே மாணவரைப் பள்ளியிலேயே விட்டுவிட்டுப் போவது சரியில்லை.

நாற்பது பேருக்கு ஓர் ஆசிரியர் எப்படித் தனித்தனியே நேரம் ஒதுக்குவது? சென்னையிலிருந்து உத்திரமேரூர் போய்வரும் பல மணி நேரம் நம் கையில்தான் இருக்கிறது. ஆசிரியர் அருகிலுள்ள இருக்கையைக் காலியாக வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக அழைத்து ஐந்து நிமிடம் பேசினால், ஓர் ஆண்டு முழுவதும் வாய் திறக்காத பிள்ளையும் ஏதாவது சொல்லும். சினிமாப் பாட்டுக்கு நான் எதிரியல்லன். பாட்டைத் திரும்பி வரும்போது வைத்துக்கொள்ளலாம்.

பணம் ஒரு தடைதான். பேருந்துக் கட்டணம் கட்ட முடியாத வீடுகளிலிருந்தும், பெண்ணை வெளியூர் அனுப்பத் தயங்கும் வீடுகளிலிருந்தும் நமக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். நம் மாவட்டங்களில் கல்வெட்டுள்ள கோயிலோ, நடுகல்லோ, பழைய மதகோ நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் பள்ளிகள் பல உண்டு. அங்கிருந்து தொடங்குவதில் குறைவொன்றுமில்லை. எங்கே போனாலும் எழுத்தின்மேல் சுண்ணக்கட்டி தேய்க்கவோ, அனுமதியின்றி மை பூசித் தாளில் படியெடுக்கவோ பிள்ளைகளை விடாதீர்கள். குறிப்பேட்டில் எழுத்தைப் பார்த்து வரைந்தால் போதும்.

அந்தக் குறிப்பேட்டுக்கு மதிப்பெண் உண்டா என்று பிள்ளைகள் கேட்பார்கள். வரலாற்றுத் தாளில் அகமதிப்பீட்டுக்கென உள்ள 10 மதிப்பெண்களில் ஒப்படைவுக்கும் செயல்திட்டத்துக்கும் பங்கிருக்கிறது. கடையில் வாங்கிய படங்களை ஒட்டிய சார்ட்டுக்கு அதைக் கொடுத்துவிடாமல், ஏரிக்கரையில் எழுதிய இரண்டு பக்கத்துக்குக் கொடுங்கள். பயணத்துக்கு வர முடியாத மாணவர் மற்றவர்களின் குறிப்பேடுகளை வாங்கி, அவற்றில் முரண்படும் இடங்களைக் கண்டெடுத்துக் கேள்வியாக எழுதட்டும். அவருக்கும் அதே மதிப்பெண்ணைப் போடுங்கள்.