அருவிக்கு நடந்துபோன ஒன்பது டம்ளர்

(செங்கோட்டையில் நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது. மைக் இரண்டு தடவை படுத்துவிட்டதால் காதில் விழாமல் போனதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)

கூட்டத் தலைவர் அவர்களே, என்னைப் பேசக் கூப்பிட்ட வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, லீவு நாளிலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, நகராட்சி உறுப்பினர் அவர்களே, கேரளத்து ஆரியங்காவிலிருந்து மலை இறங்கி வந்திருக்கும், காட்டைக் காக்கிற ஊர்க் குழுவான வன சம்ரக்ஷண சமிதிச் சேட்டன்மாரே (இது உங்களுக்கும் சொந்த ஊர்தான், 1956 நவம்பர் 1 வரைக்கும் நாங்கள் உங்கள் பக்கத்துக் கணக்கில்தான் இருந்தோம்), பின்வரிசையில் ஃபோன் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் கோபித்துக்கொள்ளக் கூடாது. டீ போட்ட அண்ணாச்சியை விட்டுவிட்டேன், அவருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்தினீர்கள், சந்தோஷம், ஆனால் அடுத்த வருஷம் ஒரு ஈரிழைத் துண்டு போதும், அருவியில் குளித்துவிட்டுத் துவட்டவாவது ஆகும்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘காட்டு வழியில் அருவிக்கு நடப்பது எப்படி’. மூன்று விஷயம் சொல்லலாம் என்று வந்தேன். ஒன்று, வழி. இரண்டு, தண்ணீர். மூன்று, அட்டைப்பூச்சி. அட்டையைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறீர்கள், அதனால் அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

நடப்பதைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று சிலர் நினைக்கலாம். நான் ரயில்வேயில் கீமேனாக இருந்தவன். 1904இல் போட்ட செங்கோட்டை புனலூர் மீட்டர்கேஜ் பாதையில், பகவதிபுரம் தாண்டி, ஆரியங்காவுப் பக்கத்துக் காட்டுக்குள், தோளில் சுத்தியலும் ஸ்பேனரும், கையில் பச்சைக்கொடி சிவப்புக்கொடியுமாகத் தினம் ஆறேழு கிலோமீட்டர் தண்டவாளம் பார்த்துக்கொண்டே நடந்த கால் இது. தண்டவாளத்தைப் பிடித்துவைக்கிற ஆப்புக்குக் கீ என்று பெயர், கழன்ற கீ ஒவ்வொன்றையும் தட்டி ஏற்றி, எத்தனை என்று கணக்கு எழுதணும். எண்ணுகிற புத்தி எனக்கு அங்கே வந்தது என்று ஆபீசில் சொல்வார்கள். இல்லை, அது எங்கள் அம்மாவிடமிருந்து வந்தது. “ஆத்துல போட்டாலும் அளந்து போடு” என்று சொல்லாமல் அம்மாவுக்கு ஒரு நாள் போகாது.

சரி, வழி. பாலருவிக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், ஆரியங்காவு மெயின்ரோட்டில் வண்டியை விட்டுவிட்டு, டிக்கெட் எடுத்து, வனத்துறை வண்டியில் ஏறி நாலு கிலோமீட்டர் காட்டுக்குள் போய், கடைசிக் கொஞ்ச தூரம்தான் நடை. ராஜா காலத்துக் கல்மண்டபம், குதிரை கட்டிய இடம் எல்லாம் பார்த்துக்கொண்டே போனால் 91 மீட்டர் உயரத்திலிருந்து பால் கொட்டுகிற மாதிரி விழும். ஆனி ஆடியில் அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்காது, பங்குனியில் போனால் பாறைதான் பார்க்கலாம். நம் பக்கத்தில் குற்றாலம் பேரருவிக்கு மேலே செண்பகாதேவிக்கு நல்ல மலைப்பாதை உண்டு, ஆனால் இப்போது வனத்துறை பொதுவாக விடுவதில்லை, சித்ரா பௌர்ணமிக்குக் கோயிலுக்குப் போகிறவர்களுக்குத்தான் அனுமதி. தேனருவி அதற்கும் மேலே, அதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அந்தச் செண்பகாதேவிப் பாதையில் நடந்ததுதான் இந்தக் கதை. 1986, ஆடி மாதம், சாரல் களைகட்டிய நேரம், அப்போதெல்லாம் ஜனங்கள் தாராளமாக மேலே போவார்கள். அக்காவுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம். அத்தான் மெட்ராஸ். புது ஷூ, முழுக்கால் பேண்ட், கழுத்தில் கேமரா. நாங்கள் ஒன்பது பேர். அம்மா ஒயர் கூடையில் புளிச்சோறு, தேங்காய்த் துவையல், ஒரு தூக்குச்சட்டித் தண்ணீர், ஒன்பது எவர்சில்வர் டம்ளர். ஒன்பதிலும் தாத்தா பெயர் வெட்டியிருக்கும். அம்மா வெறுங்காலோடு முன்னால் ஏறுகிறாள், அத்தான் ஷூவோடு கடைசியில் வழுக்கிக்கொண்டு வருகிறார்.

பாதி வழியில் அத்தான் ஒரு பாறையில் உட்கார்ந்து, “கால் என்னமோ நனைஞ்ச மாதிரி இருக்கு” என்று ஷூவைக் கழற்றினார். சாக்ஸ் முழுக்க ரத்தம். மனுஷன் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. “பாம்பு கடிச்சிருக்கு, எனக்குக் கண்ணு மங்குது” என்கிறார். அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். அம்மா திரும்பி வந்தாள், குனிந்து பார்த்தாள், வாயில் இருந்த வெற்றிலை புகையிலைச் சாற்றை அப்படியே மாப்பிள்ளை காலில் ‘புளிச்’ என்று துப்பினாள். கொழுத்த அட்டை ஒன்று சுருண்டு கீழே விழுந்தது. கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்குப் பாதபூஜை செய்வார்கள், எங்கள் வீட்டில் அது ஒரு மாதம் கழித்து நடந்தது! (கூட்டம் சிரித்து முடிக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. கல்யாணமான ஆண்கள்தான் அதிகம் சிரித்தார்கள்.)

அதோடு முடியவில்லை. செண்பகாதேவி போய், குளித்து, சாப்பிட்டு, இறங்கி, பேரருவிக்குப் பக்கத்தில் வந்ததும் அம்மா கூடையைக் கீழே வைத்து எண்ணினாள். எட்டு டம்ளர். மறுபடி எண்ணினாள். எட்டு. “ஏலே, ஒண்ணக் காணோம், போய் எடுத்துட்டு வா.” இரண்டு கிலோமீட்டர் ஏற்றம், மழை வேறு தூறுகிறது. ஒரு டம்ளர்தானே என்றேன். “ஆத்துல போட்டாலும் அளந்து போடு. நாம அளக்கவும் இல்ல, போடவும் இல்ல, வுட்டுட்டு வந்திருக்கோம்” என்றாள். அத்தான் எழுந்ததும், “நீங்க இருங்க மாப்ளே, இவன் போவான்” என்றாள். அப்படிச் சொன்ன பிறகு மாப்பிள்ளை உட்காருவாரா? ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலில் என்கூட ஏறினார். மேலே போனால், நாங்கள் சாப்பிட்ட பாறையில் ஒரு கிழட்டுக் குரங்கு டம்ளருக்குள் முகத்தை விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அத்தான் பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை நீட்டினார். அது பழத்தையும் வாங்கிக்கொண்டு டம்ளரைத் தண்ணீரில் எறிந்தது. டம்ளர் தலைகுப்புற உருண்டு, இரண்டு பாறையில் முட்டி, மூன்றாவது பாறை இடுக்கில் நின்றது. அத்தான்தான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி எடுத்தார்.

இதோ, அந்த டம்ளர். இப்போது இந்த மேஜையில் எனக்குத் தண்ணீர் வைத்திருப்பது இதில்தான். விளிம்புக்குக் கீழே ஒடுக்கு இருக்கிறது பாருங்கள். தாத்தா பெயரில் முதல் இரண்டு எழுத்து தேய்ந்துவிட்டது.

நான் கேட்பது இதுதான். பெயர் வெட்டிய டம்ளருக்காக இரண்டு கிலோமீட்டர் திரும்பி ஏறினோம். பெயர் இல்லாத தண்ணீர் பாட்டிலுக்காக யார் ஏறுவார்கள்? இருபது ரூபாய், குடித்தோம், விட்டெறிந்தோம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை உபயோகித்துத் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் 14 வகைக்குத் தடை, ஆனால் தண்ணீர் பாட்டில் அந்தப் பட்டியலில் கிடையாது. மது பாட்டில் அதைவிட மோசம், உடைத்துவிட்டுப் போகிறார்கள். யானைக்குச் செருப்பு கிடையாது ஐயா.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. நீலகிரியில் 2022இல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பித் தரும் ஏற்பாடு வந்தது. நீதிமன்றம் சொல்லித்தான் வந்தது, இருந்தாலும் வந்தது. அதையே அருவிப் பாதைகளுக்கும் செய்யுங்கள் என்கிறேன். நுழைவிடத்தில் பையைத் திறந்து எண்ணி, பாட்டிலுக்கு நம்பர் ஒட்டி, ஐம்பது ரூபாய் பிடித்துக்கொள்ளுங்கள். இறங்கி வரும்போது எண்ணி, பணத்தைக் கொடுங்கள். பிளாஸ்டிக்கை ஆற்றில் போடுகிறவனை அளந்தாவது போட வையுங்கள், அளக்க ஆரம்பித்தால் போட மாட்டான். இதை மனுவாக எழுதி ஒரு அலுவலகத்தில் மூன்று தடவை கொடுத்தேன். மூன்றாவது தடவை போனபோது முதல் மனு என் கையெழுத்தோடு ஜன்னல் ஆடாமலிருக்க மடித்துச் செருகியிருந்தது. அதையும் எண்ணி வைத்திருக்கிறேன்.

இரண்டாவது, தண்ணீர். ஒரே மழைதான். மலைக்கு இந்தப் பக்கம் விழுந்தால் சிற்றாறு, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்ந்து கிழக்கே போகும். அந்தப் பக்கம் பாலருவியில் விழுந்தால் கல்லடையாறு, அஷ்டமுடிக் காயல், அரபிக்கடல். நீங்கள் மலையில் போட்ட மூடி குளத்து மடையில் அடைத்துக்கொண்டு, விவசாயி குப்புறப் படுத்துக் கைவிட்டு எடுக்கிறார். போன கார்த்திகையில் ஒரு மடையில் நானே கூட நின்று பார்த்தேன், நாற்பத்தொன்று வரை எண்ணினேன், அப்புறம் இருட்டிவிட்டது.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து பதினேழு வயதுப் பிள்ளை ஒருவன் போனான். கோடை, ஊரில் அவ்வளவு மழையும் இல்லை. மேலே பெய்தது கீழே தெரியாது. தண்ணீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் சேர்ந்து வந்தால், இரைச்சல் மாறினால், துண்டைக்கூட எடுக்காமல் கரையேறுங்கள். இதில் மட்டும் நான் எண்ணச் சொல்ல மாட்டேன்.

தலைவர் அவர்கள் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். முதல் சீட்டை நான் பார்க்காத மாதிரி இருந்தேன், இது இரண்டாவது. நகராட்சி உறுப்பினர் அவர்கள் மனுவில் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார், எல்லோர் முன்னாலும் நன்றி சொல்லிவிடுகிறேன், இனி அவர் மறக்க முடியாது. சேட்டன்மார் தங்கள் கேட்டில் எண்ணிப் பார்க்கலாம் என்கிறார்கள், அவர்களுக்கும் நன்றி. வருகிற ஞாயிற்றுக்கிழமை பாலருவிக்குப் போகிறோம், காலை ஆறரைக்குச் செங்கோட்டை பஸ் ஸ்டாண்ட், ஆளுக்கொரு டம்ளர் கொண்டுவரணும், பெயர் வெட்டியிருந்தால் விசேஷம்.

அட்டையைப் பற்றிச் சொல்லவே இல்லை என்று பின்னாலிருந்து ஒரு தம்பி கத்துகிறான். வெளியே டீக்கடையில் வந்து கேளு தம்பி, சொல்கிறேன். அந்த டம்ளரை அப்படியே இந்தப் பக்கம் நகர்த்துங்கள்.