மகுடம் போன கடலோர வழி

(ஸ்காட்லாந்தின் அபர்தீனில் தமிழ் நண்பர்கள் கூடிய ஞாயிறு மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தாலும் சரி, நண்பர்கள் வந்தாலும் சரி, நாம் அவர்களை டனாட்டர் கோட்டைக்குக் கூட்டிப் போகிறோம். காரை நிறுத்திவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்து, கோட்டை பின்னால் தெரியும்படி படம் எடுத்துக்கொள்கிறோம். அப்புறம் பக்கத்து ஊரான ஸ்டோன்ஹேவனில் மீனும் சிப்ஸும். இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கோட்டையின் மிகப் பெரிய நிகழ்ச்சி, ஸ்காட்லாந்தின் மகுடத்தை எதிரியிடமிருந்து காப்பாற்றிய கதை, கோட்டைக்குள் தொடங்கினாலும் தெற்கே பத்து கிலோமீட்டர் தள்ளி, கின்னெஃப் என்ற சின்ன ஊரின் தேவாலயத்தில்தான் முடிகிறது. நடுவில் இருப்பது பாறைகளும் பறவைகளும் மீனவக் குடியிருப்புகளும் நிறைந்த கடலோரம். அதைப் பார்க்காமல் கோட்டையை மட்டும் பார்த்துவிட்டு வருவது கதையைப் பாதியில் விட்டுவிட்டு வருவது. அந்த மீதிப் பாதியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

கார் இல்லாத மாணவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்குத்தான் இந்த நடை இன்னும் பொருத்தம். அபர்தீனிலிருந்து ஸ்டோன்ஹேவனுக்கு ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. துறைமுகம் வரை ஊருக்குள் நடந்து, அங்கிருந்து மேட்டில் ஏறினால் கோட்டைக்கு மூன்று கிலோமீட்டர்தான். ஏறும் வழியில் குன்றின் மேல் வட்டமாகத் தூண்கள் நிற்கும். கூரை இருக்காது, பாதி கட்டி விட்டுவிட்ட கோயில் போலத் தெரியும். அது முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காக 1923-இல் திறந்த நினைவிடம். பாதியில் முடிந்துபோன வாழ்க்கைகளின் நினைவு என்பதால் வேண்டுமென்றே அப்படிக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே நின்று மேலே பாருங்கள், போர்க்களங்களின் பெயர்கள் செதுக்கியிருக்கும். அங்கிருந்து தெற்கே திரும்பினால் கோட்டை முழுதாகத் தெரியும்.

கோட்டைக்குள் போகும் முன் பாறையைப் பாருங்கள். கையால் தொட்டே பாருங்கள். ஒரே சீரான கல்லாக இருக்காது. முட்டை அளவு, தேங்காய் அளவு, சில இடங்களில் அதைவிடப் பெரிய உருண்டைக் கற்கள், செம்மண் நிறச் சாந்தில் பதிந்தது போல நெருக்கமாக இருக்கும். நம் ஊர்க் கடலை மிட்டாயை உடைத்தால் உள்ளே எப்படித் தெரியுமோ, அப்படி. நாற்பது கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே பெரிய மலைகள் இருந்தன. அவற்றிலிருந்து பாய்ந்து வந்த ஆறுகள் கற்களை உருட்டி வழவழப்பாக்கிக் கொண்டுவந்து கொட்டின. அந்தக் குவியல் இறுகிப் பாறையாயிற்று. ஸ்காட்லாந்தின் மேட்டு நிலத்தையும் தாழ்நிலத்தையும் பிரிக்கும் பெரிய நிலப்பிளவும் ஸ்டோன்ஹேவனுக்கு வடக்குப் பக்கத்தில்தான் கடலைத் தொடுகிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கோட்டையைக் கட்டியவர்களுக்குப் பாதி வேலையை அந்தப் பாறையே செய்துகொடுத்தது. கிட்டத்தட்ட ஐம்பது மீட்டர் உயரம். மூன்று பக்கமும் கடல். கரையோடு சேர்வது குறுகலான ஒரு கழுத்துப் பகுதி மட்டும். இன்றும் ஒரே வழிதான், படிகளில் கடல் மட்டத்துக்கு அருகே வரை இறங்கி, மறுபடி ஏறித்தான் வாசலை அடைய வேண்டும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதை முன்பே சொல்லிவிடுங்கள். கரை மேட்டிலிருந்தே கோட்டை அருமையாகத் தெரியும், அவர்கள் அங்கேயே உட்கார்ந்து ரசிக்கலாம். காற்று பலமாக இருக்கும் நாட்களில் கோட்டையை மூடிவிடுவார்கள், அதையும் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

இனி மகுடத்துக்கு வருகிறேன். 1651 ஜனவரி முதல் தேதி ஸ்கோன் என்ற இடத்தில் இரண்டாம் சார்லஸுக்கு முடிசூட்டினார்கள். அதற்குள் இங்கிலாந்தில் மன்னராட்சியை எதிர்த்துப் போரிட்ட தளபதி க்ராம்வெல்லின் கை ஓங்கியிருந்தது. இங்கிலாந்தின் பழைய அரச நகைகளை அங்கே உருக்கியும் விற்றும் அழித்துவிட்டார்கள். ஸ்காட்லாந்தின் மகுடம், செங்கோல், வாள் மூன்றுக்கும் அதே கதிதான் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். எனவே அவற்றை டனாட்டருக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். ஆங்கிலப் படை வந்து முற்றுகையிட்டது. எட்டு மாதம் தாக்குப்பிடித்த கோட்டை 1652 மே மாதம் பீரங்கி அடிக்குப் பிறகு சரணடைந்தது. உள்ளே போய்த் தேடியவர்களுக்கு மகுடம் கிடைக்கவில்லை. அது ஏற்கெனவே வெளியே போய்விட்டது.

எப்படிப் போயிற்று என்பதற்கு வேறு வேறு கதைகள் உண்டு. பாறை உச்சியிலிருந்து கயிற்றில் கீழே இறக்கினார்கள், கடற்பாசி பொறுக்குவது போல நின்ற ஒரு வேலைக்காரப் பெண் கூடையில் வாங்கிக்கொண்டு போனாள் என்பது ஒன்று. கின்னெஃப் போதகரின் மனைவி கிறிஸ்டியன் ஃப்ளெட்சர், கோட்டைத் தலைவரின் மனைவி எலிசபெத் டக்ளஸைப் பார்க்க வருவதாகச் சொல்லி எதிரித் தளபதியிடமே அனுமதி வாங்கி உள்ளே போனார், திரும்பும்போது மகுடத்தை உடைக்குள் மறைத்துக்கொண்டார் என்பது இன்னொன்று. செங்கோலும் வாளும் பணிப்பெண் சுமந்த சணல் கட்டுக்குள் இருந்தனவாம். ஆங்கிலத் தளபதி மரியாதையாகக் கைகொடுத்து அந்த அம்மாளைக் குதிரையில் ஏற்றிவிட்டார் என்றுகூடச் சொல்வார்கள்.

எந்தக் கதையை எடுத்தாலும் அதைச் செய்தவர்கள் பெண்கள். பீரங்கியும் ஐம்பது மீட்டர்ப் பாறையும் காப்பாற்ற முடியாததை, ஒரு போதகர் வீட்டு அம்மாளும் பெயர் தெரியாத ஒரு வேலைக்காரப் பெண்ணும் எதிரியின் கண்ணெதிரே எடுத்துக்கொண்டு போனார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மிகப் பிடித்த இடம் இதுதான். அன்று அவர்கள் போன திசையில் இன்று நாமும் நடந்தால், ஒளிந்துகொள்ள ஒரு மரம்கூட இல்லாத அந்த மேட்டு வெளியைப் பார்த்தால், அவர்கள் காட்டிய துணிச்சலின் அளவு தெரியும்.

கின்னெஃபில் நடந்ததற்கு எழுத்துச் சான்றே இருக்கிறது. போதகர் ஜேம்ஸ் க்ரெயிஞ்சர் 1652 மார்ச் மாதம் எழுதிக் கொடுத்த குறிப்பில் ஒளித்த இடத்தைச் சொல்கிறார். பிரசங்க மேடைக்கு நேர் முன்னால் தளக் கல்லை இரவில் பெயர்த்து, குழி தோண்டி, மகுடத்தையும் செங்கோலையும் புதைத்து, கல்லைப் பழையபடி பொருத்தியிருக்கிறார். வாளை மட்டும் தேவாலயத்தின் மேற்குக் கோடியில், சாதாரண இருக்கைகளுக்கு நடுவே தனியாகப் புதைத்தார். 1660-இல் இரண்டாம் சார்லஸ் மறுபடி ஆட்சிக்கு வரும் வரை அவை மண்ணுக்குள் இருந்தன. அந்த ஆண்டுகளில் ஞாயிறுதோறும் மக்கள் அதன் மேல்தான் நடந்து போய் உட்கார்ந்து பிரசங்கம் கேட்டிருக்கிறார்கள்! இதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. கோட்டைத் தலைவர் ஜார்ஜ் ஓகில்வியையும் எலிசபெத்தையும் சிறையில் அடைத்தார்கள். இப்போது அங்கே நிற்பது 1738-இல் மறுபடி கட்டிய கட்டடம், உள்ளே இரு குடும்பங்களுக்கும் நினைவுச் சின்னங்கள் உண்டு. மகுடம் எடின்பரோ கோட்டையில் இருக்கிறது. 2022 செப்டம்பரில் ராணி எலிசபெத்தின் சவப்பெட்டி மேல் எடின்பரோவில் வைத்தார்களே, அதே மகுடம்தான்.

டனாட்டரின் இருண்ட பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1685-இல் மன்னர் தங்கள் மதத்தில் தலையிடுவதை ஏற்க மறுத்த 122 ஆண்களையும் 45 பெண்களையும் அங்கே ஒரு நிலவறையில் அடைத்து வைத்தார்கள். பாறை வழியே இறங்கித் தப்பப் பார்த்து விழுந்து இறந்தவர்கள் உண்டு. பலரை நாடு கடத்தினார்கள், கப்பலில் காய்ச்சல் வந்து மாண்டவர்கள் அநேகம். அந்த அறை இன்றும் இருக்கிறது, உள்ளே போய் நிற்கலாம். குழந்தைகளோடு போனால் இதையும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.

கோட்டையைத் தாண்டித் தெற்கே போனால் ஃபௌல்ஷ்யூ என்ற செங்குத்துப் பாறைச் சுவர். ஏப்ரல் முதல் ஜூலை வரை லட்சத்துக்கும் மேற்பட்ட கடற்பறவைகள் அங்கே கூடி முட்டையிடும். பார்ப்பதற்கு முன் சத்தம் கேட்கும், அதற்கும் முன் வாடை அடிக்கும். கில்லமாட் என்ற பறவை கூடே கட்டாது. வெறும் பாறை விளிம்பில் ஒரே ஒரு முட்டை, பேரிக்காய் வடிவம். மூன்று வாரக் குஞ்சு, சிறகு சரியாக முளைப்பதற்கு முன்பே, ஒரு மாலை நேரத்தில் விளிம்பிலிருந்து கடலை நோக்கிக் குதிக்கும். கீழே தண்ணீரில் தகப்பன் பறவை கூப்பிட்டபடி காத்திருக்கும். அதன் பிறகு கடலில் குஞ்சை வளர்ப்பது முழுக்கத் தகப்பனின் வேலை. ஜூன் கடைசியிலும் ஜூலை தொடக்கத்திலும் பொறுமையாக உட்கார்ந்திருந்தால் இதைப் பார்க்கலாம்.

இந்தப் பறவைகளுக்கு இப்போது நல்ல காலம் இல்லை. 2022-இலும் அடுத்த ஆண்டும் பறவைக் காய்ச்சல் ஸ்காட்லாந்துக் கரை முழுவதும் பலி வாங்கியது. அவை நம்பியிருக்கும் மணல் விலாங்கு என்ற சின்ன மீனும் குறைந்து வந்தது. 2024-இல் ஸ்காட்லாந்துக் கடல் முழுவதும் அந்த மீனைப் பிடிக்கத் தடை போட்டார்கள். நல்ல முடிவு என்று நான் நினைக்கிறேன். நம் பங்குக்குச் செய்ய வேண்டியது எளிது, நாய் இருந்தால் கயிற்றில் பிடியுங்கள், விளிம்புக்குப் போய்க் கத்தாதீர்கள், ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

அதற்கும் தெற்கே கேட்டர்லைன். பாறை மேல் ஒரு வரிசை வீடுகள், கீழே கூழாங்கல் கரை, அவ்வளவுதான் ஊர். ஜோன் எர்ட்லி என்ற ஓவியர் இங்கே வாழ்ந்து, புயலடிக்கும்போதும் கரையில் நின்று கடலை வரைந்தார். 1963-இல் 42 வயதில் இறந்துவிட்டார். அவருடைய சாம்பலை அந்தக் கரையிலேயே தூவினார்கள்.

இங்கெல்லாம் யாரைக் கேட்டு நடப்பது என்று சிலர் தயங்குகிறீர்கள். நிலம் தனியாருடையது, வேலி இருக்கிறது, யாராவது திட்டுவார்களோ என்ற பயம். 2003-இல் இயற்றிய நிலச் சீர்திருத்தச் சட்டம் உங்களுக்கு உரிமை கொடுத்திருக்கிறது. ஸ்காட்லாந்தில் பெரும்பாலான நிலத்தில், தனியார் நிலமாக இருந்தாலும், பொறுப்போடு நடந்து போகலாம். குடியுரிமையெல்லாம் யாரும் கேட்க முடியாது, மாணவர் விசாவில் வந்தவருக்கும் அதே உரிமை. பதிலுக்கு, வீட்டுத் தோட்டங்களுக்குள் போகக்கூடாது, பயிரை மிதிக்காமல் வரப்போரம் நடக்க வேண்டும், கதவைத் திறந்தால் மூட வேண்டும், கன்றோடு நிற்கும் மாடுகளைச் சுற்றிப் போக வேண்டும். டிக்கெட் வாங்கும் இடத்தில் டிக்கெட் வாங்க வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். பாறை விளிம்பில் புல் அடர்த்தியாக இருக்கும், ஆனால் அடியில் மண் அரித்துப் போயிருக்கலாம். படத்துக்காக அங்கே போய் நிற்காதீர்கள், பிள்ளைகளை நிற்க வைக்கவே வைக்காதீர்கள். கரையில் இறங்குமுன் ஓத நேரம் பாருங்கள், ஏறுகிற தண்ணீர் திரும்பும் வழியை அடைத்துவிடும். வெயில் நாளிலும் கடல் மூடுபனி நிமிஷத்தில் வரும், அப்போது விளிம்பை விட்டு உள்பக்கம் வந்துவிடுங்கள். டிசம்பரில் மூன்றரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும். மண்சரிவால் பாதையை மூடியிருந்தால் மாற்று வழியில் போங்கள். ஆபத்து என்றால் 999 அழைத்து கடலோரக் காவல் படையைக் கேளுங்கள். இன்னொன்று, ஸ்டோன்ஹேவனிலிருந்து கின்னெஃப் வரை தொடர்ச்சியான ஒரே பாதை கிடையாது. நடுவில் ஏ92 நெடுஞ்சாலை ஓரமாக நடப்பதைவிட பஸ் ஏறிக்கொள்வதே மேல்.

அதனால் ஒரே நாளில் எல்லாம் வேண்டாம். முதல் முறை ஸ்டோன்ஹேவனிலிருந்து கோட்டை வரை போய்த் திரும்புங்கள். இன்னொரு நாள் ஃபௌல்ஷ்யூ, பிறகு கேட்டர்லைனும் கின்னெஃபும். ஜூன் கடைசியில் குஞ்சுகள் குதிக்கும் நேரத்தில் ஒரு குழுவாக ஃபௌல்ஷ்யூ போகலாம் என்று நினைக்கிறேன். இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், அவசரமே இல்லை. வர விருப்பம் உள்ளவர்கள் தேநீர் இடைவேளையில் என்னிடம் பெயர் கொடுங்கள். வழுக்காத காலணியும் காற்றுக்கு ஒரு மேல்சட்டையும் எடுத்துவாருங்கள். புளியோதரை நான் கொண்டுவருகிறேன்.