சவுக்குக் கட்டைக்கு அந்தப் பக்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

2020 மே மாதம், ஒரு நாள் விடியற்காலை நான்கரை மணி. தென்மாவட்டத்து நகராட்சி ஒன்றில் நான் சுகாதார ஆய்வாளராக இருந்தேன். ஒரு தெருவில் மூன்று வீடுகளில் கொரோனா. தெருவின் இரண்டு முனையிலும் சவுக்குக் கட்டை கட்டி, 'தடை செய்யப்பட்ட பகுதி' என்று பேனர் தொங்கவிட்டிருந்தோம். அந்தக் கட்டைக்கு அடியில் குனிந்து ஒரு அம்மா வெளியே வந்தார். இடுப்பில் இட்லிப் பாத்திரம், கையில் சாம்பார் தூக்குவாளி. பக்கத்துத் தெருவில் விற்கப் போகிறார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, ஊருக்கே பரப்பப் போறீங்களா?" என்று கத்தினேன். அவர் பாத்திரத்தைக் கீழே இறக்கி வைத்தார். "சார், உங்களுக்கு மாசம் பொறந்தா சம்பளம். எனக்கு இன்னைக்கு வித்தாத்தான் இன்னைக்கு. பதினாலு நாளைக்கு நான் என்ன பண்றது? நீங்களே சொல்லுங்க" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போகச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். அனுப்பியது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். பதில் சொல்லாமல் அனுப்பினேனே, அதுதான் தப்பு. அந்தத் தப்பைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

ஊரடங்கே தேவையில்லாத வேலை என்று சிலர் இப்போது சொல்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2020 மார்ச்சில் தடுப்பூசி கிடையாது. பரிசோதனைக் கூடங்கள் ஒரு சில. எந்த மருந்து கேட்கும் என்று டாக்டர்களுக்கே தெரியாத நேரம். ஆஸ்பத்திரிகளைத் தயார்படுத்தக் கொஞ்சம் அவகாசம் வேண்டியிருந்தது. அதை ஊரடங்கு வாங்கிக் கொடுத்தது. 2021 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36 ஆயிரம் பேருக்கு மேல் தொற்று. சென்னையில் பெரிய அரசு மருத்துவமனை வாசலில் நோயாளியோடு ஆம்புலன்சுகள் வரிசை கட்டி நின்றன. ஆக்சிஜன் படுக்கைக்காகப் படித்தவர், பாமரர் என்று எல்லோரும் போனைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தார்கள். அந்த நாளில் 'என் உடம்பு, என் இஷ்டம்' என்று மாஸ்க் போடாமல் என் எதிரில் நின்றவரிடம் நான் சொன்னது இதுதான்: உங்கள் உடம்பு உங்களுடையதுதான் ஐயா, உங்கள் மூச்சுக்காற்று பக்கத்தில் நிற்பவருக்கும் போகிறது.

ஆகவே கட்டுப்பாடு வேண்டும். அதை எப்படிப் போட்டோம் என்பதில்தான் என் ஆதங்கம்.

2020 மார்ச் 24 சாயங்காலம் ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது. அன்று ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு என்றார். நடுவில் நான்கு மணி நேரம். சம்பளக்காரர் வீட்டில் அரிசி இருக்கும், பிரிட்ஜில் காய் இருக்கும். அன்றாடங்காய்ச்சி வீட்டில் என்ன இருக்கும்? அன்றைய கூலி அன்றைய உலையில் வெந்து முடிந்திருக்கும். வெளிமாநிலத்திலிருந்து வந்த தொழிலாளிக்கு அதுவும் இல்லை. அவருக்கு இந்த ஊரில் ரேஷன் கார்டு இல்லை, ரயில் இல்லை, பஸ் இல்லை. அதனால் நடந்தார்கள். அந்த மே 8ஆம் தேதி, மகாராஷ்டிரத்தில் அவுரங்காபாத் அருகே ரயில் பாதையில் அசந்து தூங்கியவர்கள் மேல் சரக்கு ரயில் ஏறி 16 பேர் இறந்தார்கள். எந்த ஊருக்கும் எந்த மாநிலத்துக்கும் செல்லும் ரேஷன் கார்டு திட்டம் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது அந்த ஆண்டு அக்டோபரில். நடந்தவர்கள் நடந்து முடித்த பிறகு.

அப்புறம் கோயம்பேடு. ஏப்ரல் 24ஆம் தேதி ஓர் அறிவிப்பு: சென்னை, கோவை, மதுரையில் 26 முதல் 29 வரை நான்கு நாள் முழு ஊரடங்கு, மளிகைக் கடைகூடக் கிடையாது. மறுநாள் 25ஆம் தேதி என்ன நடந்தது? ஊரே கடைக்கு ஓடியது. தோளோடு தோள் உரசி நின்று காய் வாங்கினார்கள். ஒரு மாதமாகத் தள்ளி நில்லுங்கள், தள்ளி நில்லுங்கள் என்று தொண்டை கிழியக் கத்தியது ஒரே காலையில் போயிற்று. சில நாட்களில் கோயம்பேடு சந்தையில் கொத்தாகத் தொற்று தெரிந்தது. மே 5இல் சந்தையை மூடினார்கள். வேலை போய் ஊர் திரும்பிய சுமைத் தொழிலாளர்களோடு நோயும் கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் அரியலூருக்கும் போயிற்று. அந்த ஜனங்களைத் திட்டியவர்கள் நிறையப் பேர். நான் திட்ட மாட்டேன். நாலு நாளைக்குக் கடை இல்லை என்று முதல் நாள் சொன்னால் எந்தத் தாயும் பையைத் தூக்கிக்கொண்டுதான் கிளம்புவாள்.

2021 மே மாதம் முழு ஊரடங்கைக் கடுமையாக்கியபோது, காய்கறியையும் பழத்தையும் வண்டியில் ஏற்றித் தெருத் தெருவாக அனுப்பினார்கள். தோட்டக்கலைத் துறையும் உள்ளாட்சிகளும் சேர்ந்து செய்த நல்ல வேலை அது. ஆனாலும் 24ஆம் தேதி தொடங்குவதற்கு முந்தைய ஒன்றரை நாள் கடைகளைத் திறந்துவிட்டதில் மறுபடியும் அதே நெரிசல். வண்டி வரும் என்று மக்கள் நம்புவதற்கு முன்னாலேயே கதவைச் சாத்தப் போவதாகச் சொன்னதால் வந்த வினை. வண்டி முதலில் தெருவுக்கு வரட்டும். இரண்டு நாள் ஜனங்கள் அதைக் கண்ணால் பார்க்கட்டும். அதற்குப் பிறகு கடையை மூடினால் யாரும் முண்டியடிக்க மாட்டார்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020இல் அரிசி கார்டுகளுக்கு ஆயிரம் ரூபாயும் ஏப்ரல் மாத ரேஷன் பொருள் இலவசமாகவும் கிடைத்தது. 2021இல் இரண்டு தவணையாக நாலாயிரம் ரூபாய், அதோடு 14 மளிகைப் பொருள் கொண்ட பை. இரண்டு ஆண்டும் வீடு வீடாகப் போனவன் நான். வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்தேன். கையில் கொஞ்சம் காசு இருக்கிற வீட்டில், "பத்து நாள் வெளியே போகாதீங்க" என்றால், "சரிங்க சார்" என்பார்கள். காசில்லாத வீட்டில் காய்ச்சலையே மறைப்பார்கள். நெற்றியில் வெப்பமானியைக் காட்டப் போனால், பாராசிட்டமால் போட்டுவிட்டு வந்து நிற்பார்கள். தொற்று என்று தெரிந்தால் வீடு அடைபடும், வேலை போகும் என்ற பயம். நான் கையில் எடுத்துக்கொண்டு போன மருந்துப் பெட்டியில் ஐந்நூறு ரூபாய்த் தாளும் ஒரு மருந்தாக இருந்திருக்க வேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். அதைத் தர்மம் என்று பார்க்கவே கூடாது. மாத்திரை மாதிரி, ஊசி மாதிரி, அதுவும் நோய்த்தடுப்புச் செலவுதான்.

தள்ளுவண்டிக்காரர்களுக்கு 2020 ஜூனில் மத்திய அரசு பத்தாயிரம் ரூபாய் கடன் திட்டம் கொண்டுவந்தது. வாங்கியவர்களுக்கு உதவியாக இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வண்டியைத் தெருவில் இறக்க முடியாத நாளில் கடன் கொடுத்தால், அந்தக் கடனைச் சாப்பிடத்தான் முடியும். வங்கிக் கடன் தவணையை ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் வரைக்கும் தள்ளிப்போட அனுமதித்தது. தண்டல்காரருக்கு அது எங்கே தெரியும்? எங்கள் ஊரில் ஊரடங்கு நேரத்திலும் மகளிர் குழுக் கடனுக்கு ஆள் வந்து வாசலில் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். தோடு அடகுக்குப் போயிற்று, மூக்குத்தி போயிற்று.

சரி, சுதந்திரத்துக்கு வருகிறேன். சுதந்திரம் என்றாலே அது வசதியானவர்கள் பேசுகிற பேச்சு, பசித்தவனுக்கு எதற்கு என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அன்றாடங்காய்ச்சிக்கு நடமாடும் உரிமைதான் சோற்றுத் தட்டு. தெருவில் நடக்க முடிந்தால்தான் கீரை விற்க முடியும். நம் அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவில் நடமாடும் உரிமையும் தொழில் செய்யும் உரிமையும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. அந்த உரிமைகளைப் பொதுநலனுக்காகக் கட்டுப்படுத்தலாம், ஆனால் அந்தக் கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அந்தரங்க உரிமை பற்றிய 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாக்கியது: உரிமையில் கை வைக்க வேண்டுமென்றால் சட்டம் இருக்க வேண்டும், நல்ல நோக்கம் இருக்க வேண்டும், எடுக்கும் நடவடிக்கை அந்த நோக்கத்துக்கு மிஞ்சிப் போகக் கூடாது.

மிஞ்சிப் போவது என்றால் என்ன? மாஸ்க் பத்து ரூபாய். கொஞ்சம் மூச்சு முட்டும், அவ்வளவுதான். அதனால் கிடைக்கிற நன்மை பெரிது. இ-பாஸை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாவட்டத்துக்குப் போக அனுமதி. ஆபத்துக்கு, சாவுக்கு, கல்யாணத்துக்குக் கிடைக்கும் என்றார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் தன் அப்பாவுக்குக் கொள்ளி வைக்க விண்ணப்பித்தார். பாஸ் வருவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. அதே நேரத்தில் புரோக்கருக்குப் பணம் கொடுத்தவர்கள் காரில் போய் வந்தார்கள். 2020 செப்டம்பர் முதல் தேதி மாநிலத்துக்குள் இ-பாஸ் வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். அதற்குள் பட்டவர்கள் பட்டதுதான்.

நோய் கண்ட வீட்டு வாசலில் தகரம் வைத்து அடித்ததும் அப்படித்தான். சென்னையில் நடந்தது, எங்கள் ஊரிலும் நடந்தது. உள்ளே தீப்பிடித்தால் எப்படி வெளியே வருவார்கள் என்று நான் கேட்டேன். கேட்டதோடு சரி, நிறுத்தும் அதிகாரம் என்னிடம் இல்லை. இதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

எல்லாவற்றிலும் கொடுமை சாத்தான்குளம். 2020 ஜூன் 19. ஊரடங்கு நேரத்தைத் தாண்டி செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஒரு தந்தையையும் மகனையும் போலீஸ் கொண்டுபோனது. நான்கு நாட்களுக்குள் இருவரும் உயிரோடு இல்லை. காவல் நிலையத்தில் வைத்து அடித்ததாகக் கொலை வழக்காகி சிபிஐ விசாரணைக்குப் போனது. நோயிலிருந்து உயிரைக் காப்பாற்றப் போட்ட விதி, அதன் பெயரால் இரண்டு உயிர். சுகாதாரத் துறையில் வேலை பார்த்த ஒருவனாக அந்த வாரம் எனக்குத் தூக்கம் வரவில்லை. சுகாதார விதியை லத்தியின் கையில் கொடுத்தது நாம்தானே என்று உறுத்திக்கொண்டே இருந்தது. ஊரடங்கை மீறியதாகத் தமிழ்நாட்டில் போட்ட ஏறத்தாழ 10 லட்சம் வழக்குகளை 2021 பிப்ரவரியில் அரசே திரும்பப் பெறுவதாக அறிவித்தது. விட்டது நல்லது. ஆனால் அத்தனை லட்சம் பேர் ஒரு விதியை மீறியிருக்கிறார்கள் என்றால், அந்த விதியையும் ஒரு தடவை எடுத்துப் பார்க்க வேண்டாமா?

இன்னொரு விஷயம் அதிகம் பேர் பேசவில்லை. அந்த இரண்டு ஆண்டும் தமிழ்நாட்டு நகரங்களில் கவுன்சிலரே கிடையாது. 2016இல் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். கிராமங்களில் பெரும்பாலான மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரிலேயே தேர்தல் நடந்துவிட்டது. அதனால் அங்கே ஊராட்சித் தலைவர் என்று ஒருவர் இருந்தார். தண்ணீர் வரவில்லை, மாட்டுக்குத் தீவனம் இல்லை என்றால் நேரே போய்ச் சண்டை போடலாம். நகரத்தில் எங்கள் ஜனங்கள் யாரிடம் போவார்கள்? என்னிடம் வந்தார்கள். விதியும் நான்தான், குறை கேட்பவனும் நான்தான். இந்த இரண்டு வேலையும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. எந்தக் கடை எந்த நேரம், எந்தத் தெருவை அடைப்பது, கைக்குழந்தைக்குப் பால் யார் கொண்டுவருவது என்பதையெல்லாம் அந்தத் தெருக்காரர்களோடு உட்கார்ந்து பேசியிருந்தால் பாதித் தகராறு வந்திருக்காது. இப்போது கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். இன்னொரு தொற்று வருவதற்கு முன்னாலேயே, தங்கள் வார்டில் அன்றாடக் கூலி வீடு எத்தனை, தனியாக இருக்கும் முதியவர் எத்தனை பேர், தள்ளுவண்டி எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அந்தக் கணக்கெடுப்பு எப்படியும் நடக்க வேண்டியதுதான்.

இட்லிக்கார அம்மாவை அப்படியே விட்டுவிட்டேனே. இரண்டு நாள் கழித்து அவருக்குப் பரிசோதனை முடிவு வந்தது, தொற்று இல்லை. அன்றைக்கே தன்னார்வலர் பையன்களிடம் பேசி அரிசியும் உளுந்தும் வாங்கிக் கட்டைக்கு அந்தப் பக்கம் கொடுத்தோம். அடைபட்டுக் கிடந்த தெருவுக்கே அவர் காலையில் இட்லி அவித்தார். மாஸ்க் போட்டுக்கொண்டு, வாசல் வாசலாகப் பொட்டலத்தை வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்று குரல் கொடுப்பார். கொடுக்க முடிந்தவர்கள் காசு கொடுத்தார்கள், மற்றவர்கள் கணக்கு வைத்துக்கொண்டார்கள். அந்தப் பதினாலு நாளில் அதற்கப்புறம் ஒருவர்கூடக் கட்டைக்கு அடியில் குனிந்து வெளியே வரவில்லை.

கட்டையை அவிழ்த்த அன்று போனேன். அந்த அம்மா பேத்தியின் பள்ளிக்கூட நோட்டில் கணக்கு எழுதி வைத்திருந்தார். பதினோரு வீடு பாக்கி. "வசூல் ஆகுமாம்மா?" என்று கேட்டேன். "வேலைக்குப் போகட்டும் சார், தானா வரும்" என்றார்.

நன்றி, வணக்கம்.