எத்தனை மூட்டை நெல் இந்தத் தொலைபேசி?

வன்னி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். கூட்டுறவுச் சங்கத்தின் கிராமிய வங்கி ஒன்றில் நெடுங்காலம் காசாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். விலைகூடிய கைத்தொலைபேசி, மடிக்கணினி போன்றவற்றுக்கு நம் வீடுகளில் எப்படிக் காசு சேர்க்கிறார்கள், எப்படிச் சேர்க்கலாம் என்று பேசச் சொல்லி வானொலி நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். பொருளைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. எத்தனை கமரா, எவ்வளவு நினைவகம் என்று கேட்டால் பேரப்பிள்ளைகளைத்தான் கூப்பிட வேண்டும். காசைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

தை, மாசியில் காலபோக நெல் அறுத்து, காயவைத்து, விற்று முடிந்ததும் கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரக் கைத்தொலைபேசிக் கடைகளில் கூட்டம் கூடிவிடும். விசுவமடுவிலும் மல்லாவியிலும் புதுக்குடியிருப்பிலும் இதே கதைதான். கடைக்காரருக்கு நம் பயிர்நாட்காட்டி மனப்பாடம். சலுகை விளம்பரத் துணியை எந்த வாரம் கட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

அந்தக் கடையில் தொண்ணூறாயிரம் ரூபாய் விலை போட்ட ஒரு தொலைபேசியை எடுத்துக்கொள்வோம். இன்றைக்கு இது நடுத்தர விலைதான். 2025 பெப்ரவரியில் அரசு அறிவித்த உத்தரவாத விலை ஒரு கிலோ நாடு வகை நெல்லுக்கு 120 ரூபாய். அந்தக் கணக்கில் தொலைபேசியின் விலை 750 கிலோ நெல். எழுபது கிலோ மூட்டை என்றால் பதினொரு மூட்டைக்குச் சற்றுக் குறைவு. பதினொரு மூட்டை பெரிதா என்று கேட்பீர்கள். உழவுக்கூலி, விதைநெல், பசளை, மருந்து, அறுவடை இயந்திரக் கூலி எல்லாம் கழித்து வீட்டுக்கு மிஞ்சுகிற நெல்லில் பதினொரு மூட்டை. இரண்டு ஏக்கர் செய்கிறவர் அதை எண்ணிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனால் கடையில் அவர் பேசும் விதமே வேறாக இருக்கும். பால் விற்கிற வீட்டில் இதையே லீற்றர் கணக்கில் போடலாம். கூலிக்குப் போகிறவர் நாட்சம்பளத்தில் போடலாம். ரூபாய்க் கணக்கில் பார்க்கும்போது தெரியாத பாரம் உழைப்புக் கணக்கில் பார்க்கும்போது தெரிந்துவிடும்.

விலை ஏன் இப்படி ஏறியது என்பது எல்லோருக்கும் பட்டுத் தெரிந்த கதை. 2022 மார்ச் தொடக்கத்தில் இருநூறு ரூபாயளவில் நின்ற டொலர், மே மாதத்தில் முந்நூற்றறுபதைத் தொட்டது. இறக்குமதியாகிற பொருள் எல்லாம் அதோடு ஏறியது. பிறகு 2024 ஜனவரி முதலாம் திகதி பெறுமதி சேர் வரி பதினைந்து வீதத்திலிருந்து பதினெட்டாக உயர்ந்தபோது, அதுவரை அந்த வரிக்குள் வராதிருந்த கைத்தொலைபேசியும் வரிக்குள் வந்தது. பழைய விலை திரும்பும் என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் அனுதாபம்.

இவ்வளவு விலை கொடுத்து இது தேவையா என்று பிரசங்கம் செய்ய நான் வரவில்லை. போரின்போது பற்றரிக்குத் தடை இருந்த காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைச் சுழற்ற, டைனமோ மின்சாரத்தில் மற்றவர்கள் வானொலிச் செய்தி கேட்ட மண் இது. சாதனத்தின் அருமை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடம் வாட்ஸ்அப்பில் வந்தது. ஒரே தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பங்குபோட்டுக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற இடம் தேடி வயல்வரம்பில் நின்ற வீடுகள் எத்தனை! கனடாவில் இருக்கும் மகளின் முகம் பார்ப்பதும், சந்தையில் இன்றைக்கு மிளகாய் என்ன விலை என்று கேட்பதும், வங்கிக்கணக்கைப் பார்ப்பதும் அதில்தான். ஆகவே வாங்குங்கள். எந்தக் காசில் வாங்குகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

வரவுசெலவுத் திட்டம் பற்றிச் சொல்பவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரரை மனதில் வைத்தே சொல்வார்கள். சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கு, அதைத் தொடாதே என்பார்கள். ஆசிரியருக்கும் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைக்கும் அது சரி. கமக்காரனுக்கு மாதச் சம்பளம் ஏது? அவருக்கு வரவு ஒருமொத்தமாக வருகிறது, செலவு நாளாந்தம் போகிறது. சிறுபோகம் உண்டா, எத்தனை ஏக்கருக்கு என்பதை இரணைமடுக் குளத்தில் நிற்கிற தண்ணீர் தீர்மானிக்கும். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு வயல்கள் என்ன பாடுபட்டன என்று மறந்திருக்க மாட்டீர்கள். முல்லைத்தீவுக் கரையில் வாடைக்காற்று வீசத் தொடங்கினால் பல நாள் வள்ளம் இறங்காது. கடையில் தவணைக்கு வாங்கிய தொலைபேசியின் கட்டணம் மட்டும் மாதம் தவறாமல் திகதிக்கு வந்து நிற்கும். நம் பகுதியில் கடன் முறிவதற்குப் பாதிக் காரணம் இந்தப் பொருத்தமின்மைதான் என்பது என் கணிப்பு. ஊதாரித்தனம் என்று ஊரார் சொல்வது பல வீடுகளுக்குப் பொருந்தாது.

இனி அந்தத் தவணையைப் பிரித்துப் பார்ப்போம். பென்சில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறாயிரம் ரூபாய்த் தொலைபேசி. முற்பணம் பதினையாயிரம். மீதிக்கு மாதம் எண்ணாயிரம் வீதம் பன்னிரண்டு மாதம். கேட்கச் சுகமாக இருக்கிறது, மாதம் எண்ணாயிரம்தானே! கூட்டுங்கள். பன்னிரண்டு எண்ணாயிரம், தொண்ணூற்றாறாயிரம். முற்பணத்தோடு ஓர் இலட்சத்துப் பதினோராயிரம். மேலதிகமாக இருபத்தோராயிரம் கொடுக்கிறீர்கள். எழுபத்தையாயிரம் கடனுக்கு இருபத்தோராயிரம் வட்டி என்றால் இருபத்தெட்டு வீதம் என்று விற்பனையாளர் சொல்வார். அதுவும் முழு உண்மை ஆகாது. எழுபத்தையாயிரமும் ஆண்டு முழுவதும் உங்கள் கையில் இருக்கவில்லையே! மாதாமாதம் முதலும் குறைந்துகொண்டு வருகிறது. குறைந்துவரும் நிலுவைக்குக் கணக்குப் பார்த்தால் மாதம் நான்கு வீதம், ஆண்டுக்கு நாற்பத்தெட்டு வீதமளவில் வட்டி கட்டுகிறீர்கள். நகை அடகு வைக்கப் போய் இந்த வீதத்தைச் சொன்னால் சண்டை பிடிப்போம். தொலைபேசிக் கடையில் சிரித்துக்கொண்டு கையெழுத்து வைக்கிறோம்.

இப்போது அதே தவணையை உங்களுக்கே கட்டிப் பாருங்கள். முற்பணமாகக் கொடுக்க வைத்திருந்த பதினையாயிரத்தைச் சேமிப்புப் புத்தகத்தில் போடுங்கள். தவணைத் திகதி என்று ஒரு நாளை வைத்து, அந்த நாளில் எண்ணாயிரம் போடுங்கள். பத்தாவது மாதம் தொண்ணூற்றையாயிரம் இருக்கும். தொலைபேசியும் வாங்கலாம், உறையும் கண்ணாடித்தாளும் வாங்கலாம், கட்ட வேண்டிய இரண்டு தவணையும் மிச்சம். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. மூன்றாம் மாதமே எண்ணாயிரம் போட முடியாமல் திணறினால், அந்தத் தவணை உங்கள் வீட்டுக்குப் பெரிது என்று வெளியார் எவருக்கும் தெரியாமல் நீங்களே அறிந்துகொள்வீர்கள். கடனெடுத்த பிறகு அறிந்துகொண்டால் வாசலில் கடன் அறவிட வருபவரின் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும். நிதி நிறுவனங்களில் கட்டத் தவறியது கிரிப் என்று நாம் சொல்லும் கொடுகடன் தகவல் பணியகத்தின் பதிவிலும் ஏறும். பின்னொரு நாள் உழவு இயந்திரத்துக்கு லீசிங் கேட்கப் போகும்போது, என்றோ வாங்கி உடைந்துபோன தொலைபேசி குறுக்கே வந்து நிற்கும்.

கமக்கார வீட்டுக்கு இதை மாற்றிச் சொல்ல வேண்டும். மாதம் எண்ணாயிரம் என்று உங்களிடம் கேட்பது நியாயமில்லை. நெல் விற்ற அன்றே, கடைப்பாக்கி, பசளைக்கடன், அடகு மீட்பு எல்லாவற்றையும் கொடுத்த பிறகு, அடுத்த போகத்துக்கான விதைநெல்லையும் ஒதுக்கிவிட்டு, மிஞ்சியதில் ஒரு பங்கைத் தொலைபேசிக்கென்று தனிப் புத்தகத்தில் போடுங்கள். ஒரு போகத்தில் பாதி சேர்ந்தால் போதும். மீதியைப் பால்காசும் முட்டைக்காசும் நிரப்பட்டும். வீட்டுச் செலவுப் புத்தகத்திலேயே இதையும் போட்டால் அது நிச்சயம் கரைந்துவிடும். எங்கள் வங்கியில் ஓர் அம்மா ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புத்தகம் வைத்திருந்தார். பொலித்தீன் பையில் சுற்றி, ரப்பர் வளையம் போட்டு, அதன்மேல் ஒரு துண்டுத் தாளில் “லாப்டொப்”, “சாமத்தியவீடு”, “கிணறு” என்று எழுதிச் செருகியிருப்பார். கிணற்றுப் புத்தகத்திலிருந்து சாமத்தியவீட்டுக்குக் காசு மாற்றலாமா என்று ஒருநாள் மகன் கேட்டதற்கு, “கிணறு கிணறுதான் தம்பி” என்று சொல்லிப் பையைக் கட்டிவிட்டார். அந்த வீட்டுக்கு நிதி ஆலோசகர் எவரும் தேவைப்படவில்லை.

சீட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் நம் பெண்கள் என்னை விடமாட்டார்கள். பத்துப் பேர், ஆளுக்கு மாதம் ஒன்பதாயிரம், மாதத்துக்கு ஒருவர் தொண்ணூறாயிரம் எடுக்கிறார். குலுக்கல் சீட்டில் வட்டி இல்லை. அவசரக்காரருக்கு முதலில் கொடுக்கிற நல்ல மனமும் பல இடங்களில் உண்டு. ஏலச் சீட்டில் கதை வேறு. எழுபத்தெட்டாயிரத்துக்குக் கேட்டு எடுத்தால் பன்னிரண்டாயிரம் கழிவாகப் போய் எல்லோருக்கும் பங்காகும். முதலில் எடுப்பவர் கடன்காரர், கடைசியில் எடுப்பவர் சேமிப்பாளர். தொலைபேசிக்காகச் சீட்டுக் கட்டுகிறவர் கடைசிப் பக்கத்தில் நிற்பதே நல்லது. கழிவு கேட்டு எடுக்கிற அளவுக்கு எந்தப் போனும் அவசரமில்லை. சீட்டுப் பிடிப்பவர் ஊரில் வேரூன்றியவரா, போன சீட்டை ஒழுங்காக முடித்தவரா என்று பாருங்கள். வாட்ஸ்அப் குழுவில் முகம் தெரியாதவர் நடத்துகிற சீட்டில் சேர்ந்துவிட்டு எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

நுண்கடன் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. போருக்குப் பிறகு நுண்கடன் நிறுவனத்தார் வீட்டு வாசலுக்கே வந்து கொடுத்தார்கள். ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணைக்கையெழுத்து வைத்தார்கள். ஒருத்தி கட்டத் தவறியபோது மற்ற நால்வரும் அவளோடு பேச்சை நிறுத்தினார்கள். 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஓர் இலட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களை அரசே தள்ளுபடி செய்கிற அளவுக்கு அது முற்றியிருந்தது. கோழி வளர்க்க எடுத்த கடனில் தொலைபேசி வாங்கினால் கோழி முட்டையிடாது, தொலைபேசியும் இடாது.

நகையை அடகு வைத்து வாங்குவதும் நடக்கிறது. என் கண்ணால் பார்க்க மனம் வராத காரியம் அது. வாங்கிய அன்றிலிருந்து விலை இறங்குகிற பொருளுக்காக, வைத்திருந்தால் விலை ஏறுகிற பொருளைப் பெட்டியிலிருந்து எடுக்கிறோம். சங்கிலி மீட்கப்படும் முன்பே தொலைபேசியின் கண்ணாடி வெடித்துவிடும்.

வெளிநாட்டு உறவுகளிடம் கேட்பது பற்றி ஒரு சொல். கேட்பது குற்றமில்லை. பரிஸில் இருக்கிற தம்பியும் இரவு வேலை செய்துதான் அனுப்புகிறார் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். “பாதியை நான் சேர்த்துவிட்டேன் மாமா, மீதியைத் தர முடியுமா?” என்று புத்தகத்தைப் படமெடுத்து அனுப்புகிற மருமகனுக்கு எந்த மாமா மாட்டேன் என்பார்?

விலையை எழுதும்போது வாங்கிய பிறகு வரும் செலவையும் எழுதுங்கள். மாதாந்த டேட்டா, உடைந்தால் கண்ணாடி, இரண்டு மூன்று வருடத்தில் பற்றரி. ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலில் செருகியபடி விட்டு எரிந்துபோன சார்ஜரும் ரௌட்டரும் திருத்தகக் கடையில் குவிந்து கிடக்கும். மழை இருட்டினால் கழற்றி வையுங்கள். அதற்குக் காசு செலவில்லை.

பாவித்த தொலைபேசி வாங்குவதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. வீட்டில் முதல்முறையாகப் பிள்ளைக்கு வாங்கும்போது அதுவே புத்தி என்பேன். ஆனால் பெட்டியும் பற்றுச்சீட்டும் இல்லாமல் யாரோ அவசரமாக விற்கிறதை வாங்காதீர்கள். புதியதோ பழையதோ, காசு கொடுப்பதற்கு முன் அந்தத் தொலைபேசியில் நட்சத்திரக் குறி, சதுரக் குறி, 06, மறுபடி சதுரக் குறி என்று அழுத்துங்கள். ஐஎம்இஐ என்கிற, தொலைபேசியின் பதினைந்து இலக்க அடையாள எண் திரையில் வரும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணோடு அது பொருந்த வேண்டும். பிறகு உங்கள் தொலைபேசியில், ஐஎம்இஐ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளை எழுதி, ஓர் இடைவெளி விட்டு, அந்தப் பதினைந்து இலக்கத்தையும் எழுதி 1909க்குக் குறுந்தகவல் அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அது பதிவாகியிருக்கிறதா என்று பதில் வரும். பதில் வரும்வரை கடைக்காரர் தேநீர் தந்தால் குடியுங்கள். காசை மட்டும் சட்டைப்பைக்குள்ளேயே வைத்திருங்கள். நன்றி, வணக்கம்.