இறக்கை வைத்த துணிக் குதிரை

அஸ்ஸலாமு அலைக்கும். மற்ற சமயத்து அன்பர்களுக்கு வணக்கம்.

மேடை ஏறும் முன் ஒரு தாய் என்னை நிறுத்திக் கேட்டார்: "சார், நோன்பு வரப்போகுது. பிள்ளைகள் கார்ட்டூன் பார்த்தால் தப்பா? உருவம் கூடாதுன்னு சொல்றாங்களே?"

உயிருள்ளவற்றின் உருவப் படம் பற்றி உலமாக்களிடையே, அதாவது மார்க்க அறிஞர்களிடையே, கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தீர்க்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் அபூதாவூத் என்ற நபிமொழித் தொகுப்பில் வரும் ஒரு செய்தியைச் சொல்கிறேன். நாயகத்தின் துணைவியார் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு நடுவே துணியால் செய்த ஒரு குதிரை. அதற்கு இரண்டு இறக்கைகள். "குதிரைக்கு இறக்கையா?" என்று நபிகள் நாயகம் (ஸல்) கேட்கிறார்கள். "சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததை நீங்கள் கேள்விப்பட்டதில்லையா?" என்கிறார் அன்னை. நாயகம் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். பிள்ளையின் கற்பனைக்கு நம் மார்க்கம் கொடுத்த இடத்தை நான் அந்தச் சிரிப்பில்தான் பார்க்கிறேன்.

சரி, என்ன கார்ட்டூன் பார்ப்பது? மலேசியாவிலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். 2007 செப்டம்பர், ரமலான் மாதம். லெஸ் கோபாக் என்ற நிறுவனம் நோன்புக்காகச் சில நிமிடக் கதைகளாக ஆறு பகுதிகள் எடுத்தது. அதுதான் 'உப்பின் இப்பின்'. தாய் தகப்பனை இழந்த ஐந்து வயது இரட்டையர்கள். மொட்டைத் தலையில் ஒற்றை முடி நிற்பவன் உப்பின், முழு மொட்டை இப்பின். பாட்டி ஓப்பாவும் அக்கா ரோஸும் வளர்க்கிறார்கள். கம்போங் டுரியான் ருந்து என்ற சின்னக் கிராமம்.

முதல் பகுதியின் பெயர் 'நாளை நோன்பு'. மலாயில் நோன்புக்குப் புவாசா என்பார்கள். நம்முடைய உபவாசம்தான் அது, சமஸ்கிருதம் வழியாகக் கடல் தாண்டிப் போன சொல். இரண்டாம் பகுதியின் பெயருக்குச் 'சோதனை' என்று பொருள். என்ன சோதனை? பசிதான்! பொரித்த கோழி என்றால் உயிரை விடும் இப்பின் நோன்பு வைத்தால் வேறென்ன நடக்கும்? அப்புறம் நோன்பு திறக்கும் சுகம், தராவீஹ் என்ற ரமலான் இரவுத் தொழுகை, பெருநாளுக்கு முந்தின நாள், பெருநாள். ஒரு பிள்ளை முதல் நோன்பில் எதையெல்லாம் கடக்கிறதோ, அதே வரிசையில் கதை போகிறது.

இன்னொன்றும் எனக்கு நெஞ்சுக்கு நெருக்கம். அந்தக் கிராமத்தில் மெய் மெய் என்ற சீனச் சிறுமி இருக்கிறாள், பாட்டுக்கட்டும் ஜர்ஜித் சிங் இருக்கிறான், நம் ராஜு இருக்கிறான். ஊர் கூடும் சாப்பாட்டுக் கடை முத்து அங்கிளுடையது. பின்னால் வந்த பகுதிகளில் தீபாவளியும் சீனப் புத்தாண்டும் வந்தன. நோன்பு வைக்காத தோழர்களோடு பழகிக்கொண்டே நோன்பு வைக்கக் கற்றுக்கொள்கிறார்கள் இரட்டையர்கள். மலேசியத் தமிழ்ப் பிள்ளைகளும் அதில் தங்கள் தெருவைப் பார்க்கிறார்கள்.

துபாயில் 2006இல் வந்த 'ஃப்ரீஜ்' தொடரிலும் இந்த ஈரம் உண்டு. முகமூடி அணிந்த நான்கு பாட்டிமார்கள், மாறிக்கொண்டே போகும் ஊர், அவர்களுடைய வம்பும் வாஞ்சையும்.

சில கார்ட்டூன்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தொப்பி போட்ட பையன் நிமிடத்துக்கு ஒரு உபதேசம் செய்கிறான். அவனுக்குப் பசிப்பதில்லை, தங்கையோடு சண்டை இல்லை, தப்பே செய்வதில்லை. நம் வீட்டுப் பிள்ளை அவனை எப்படி நண்பனாக ஏற்கும்? தயவுசெய்து, இஸ்லாமியக் கார்ட்டூன் என்ற பெயரைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். முதலில் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள்.

அந்தத் தாய்க்கு இன்னும் ஒரு பதில் இருக்கிறது. பருவம் அடையும்வரை நோன்பு கடமையில்லை, பழக்கத்துக்காகத்தான் வைக்கச் சொல்கிறோம். மதீனாவிலும் ஆஷூரா என்ற முஹர்ரம் பத்தாம் நாளில் பிள்ளைகளை அப்படிப் பழக்கினார்கள். ருபய்யிஉ (ரலி) என்ற பெண்மணி சொல்வது புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. பிள்ளைகளுக்காகக் கம்பளியில் ஒரு விளையாட்டுப் பொருள் செய்து வைப்பார்களாம். ஒரு குழந்தை சோறு கேட்டு அழுதால் அதை எடுத்துக் கையில் கொடுப்பார்களாம், நோன்பு திறக்கும் நேரம் வரும்வரை.

அம்மா, உங்கள் பிள்ளைக்கு மாலை அஸர் தொழுகைக்குப் பிறகுதானே பசி அதிகமாகும்? அந்த நேரத்தில் உப்பின் இப்பினைப் போட்டுவிட்டு, நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.