ஸ்டீல்ஸ் வீதிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

வணக்கம். கஞ்சாவைப் பற்றிப் பேச வானொலிக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் ஒரே சிரிப்பு. நான் சட்டத்தரணி இல்லை, புதிதாக வந்தவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிற ஆள். வருகிறவர்கள் வேலையெல்லாம் முடிந்து எழும்பும்போது மெல்லிய குரலில் கேட்பார்கள்: "அண்ணை, கஞ்சா இப்ப சட்டப்படி சரிதானே?"

சரிதான். ஆனால் எங்கே நின்றுகொண்டு கேட்கிறீர்கள்?

2018 ஒக்டோபர் 17 அன்று கனடா முழுவதற்கும் அனுமதி வந்தது. யார் விற்கலாம், எந்த வயதில் வாங்கலாம், எங்கே புகைக்கலாம் என்பதையெல்லாம் பெரும்பாலும் மாகாணங்களின் கையில் விட்டுவிட்டார்கள். அதனால் ஆல்பர்ட்டாவில் 18 வயது, நம்முடைய ஒன்ராறியோவில் 19, கியூபெக்கில் 21. இங்கே ஒரு வீட்டில் நாலு செடி வளர்க்கலாம். ஆளுக்கு நாலு இல்லை, வீட்டுக்கு நாலு. ஐந்து பேர் இருக்கிறோம், இருபது வைக்கலாம்தானே என்று ஒருவர் கணக்குப் போட்டார், அது நடக்காது. மொன்றியலில் இருக்கும் மச்சானோ ஒன்றுகூட வைக்க முடியாது, கியூபெக்கின் அந்தத் தடை செல்லும் என்று 2023இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

அப்புறம் மாநகரசபை. கஞ்சாக் கடை வேண்டாம் என்று ஒதுங்கிக்கொள்ள ஒன்ராறியோவின் நகரங்களுக்கு 2019 ஜனவரி வரை நேரம் கொடுத்தார்கள். ரொறன்ரோ கடைகளை ஏற்றுக்கொண்டது, பக்கத்து நகரமான மார்க்கம் வேண்டாம் என்றது. அதோடு விடாமல், பொது இடத்தில் கஞ்சா புகைக்கக் கூடாது என்று மார்க்கம் தனியாகவும் ஒரு விதி போட்டது. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பூங்காவில், பிள்ளைகள் விளையாடும் இடத்திலிருந்து 20 மீற்றர் தள்ளி நின்று புகைக்கிறவர், இரண்டு நகரத்துக்கும் எல்லையான ஸ்டீல்ஸ் வீதியைக் கடந்து மார்க்கம் பூங்கா ஒன்றுக்குள் போய் அதையே செய்தால் அது விதிமீறல். இடையில் ஒரு றோட்டுத்தான்! கொண்டோ அடுக்குமாடியில் இருப்பவர்கள் இன்னும் ஒரு படி கீழே பார்க்க வேண்டும்: பால்கனியில் புகைக்கவோ உள்ளே செடி வைக்கவோ கூடாது என்று கட்டட நிர்வாகமே விதி போடலாம். பேஸ்மன்டில் வாடகைக்கு இருக்கிறீர்கள் என்றால் ஒப்பந்தத்தை எடுத்து ஒருதரம் வாசியுங்கள்.

எனக்கு உண்மையில் பயமாக இருப்பது கார்தான். பொது இடத்தில் 30 கிராம் வரை கையில் வைத்திருக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. காரில் அது பிரிக்காத பொதியாகவோ, இறுக்க மூடிய பையிலோ, கைக்கு எட்டாமலோ இருக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. 21 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள், ஜி1, ஜி2 என்ற ஆரம்பநிலை ஓட்டுநர் அனுமதி வைத்திருப்பவர்கள், லொறி ஓட்டுகிறவர்கள் வாகனம் ஓட்டும்போது உடலில் கஞ்சா கொஞ்சமும் இருக்கக் கூடாது. இதைவிடப் பெரியது ஒன்று: 2018 டிசம்பர் 18இலிருந்து போதையில் வாகனம் ஓட்டுவதற்கான அதிகபட்சத் தண்டனை பத்து ஆண்டு. பத்து ஆண்டு என்றாலே குடிவரவுச் சட்டத்தில் அது பாரதூரமான குற்றம். நீதிமன்றம் உங்களுக்கு வெறும் அபராதம் போட்டு அனுப்பினாலும், குடியுரிமை எடுக்காமல் நிரந்தர வதிவிட அட்டையோடு இருக்கிறவருடைய வதிவிடத்துக்கே ஆபத்து வரலாம். பதினைந்து வருடமாக இங்கேதான் இருக்கிறேன், வீடு வாங்கிவிட்டேன் என்பதெல்லாம் அங்கே அவ்வளவு எடுபடாது. குடியுரிமை விண்ணப்பத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறீர்களே, அதை இந்த மாதமாவது எடுத்து நிரப்புங்கள்.

எல்லை பற்றி ஒரு வார்த்தை. நியூயோர்க்கிலும் சட்டப்படி விற்கிறார்கள், ஆனால் பஃபலோ பாலத்தில் உங்கள் பையைத் திறக்கிறவர் அமெரிக்க மத்திய அரசின் ஆள், அவர்களுக்கு அது இன்னும் குற்றம். திரும்பி வரும்போது கொண்டுவந்தால் கனடாவிலும் குற்றம். கொழும்புக்கோ சென்னைக்கோ விமானம் ஏறுகிறவர்கள், மகன் போன கிழமை போட்டுக்கொண்டு திரிந்த ஜாக்கெட்டை இரவல் வாங்கியிருந்தால், வீட்டை விட்டு இறங்க முன்னரே பொக்கெற்றைத் தடவிப் பாருங்கள்.